இரத்தத்திற்குப் பொருத்தம் பார்த்த வரலாறு

திருமணத்திற்குப் பொருத்தம் பார்க்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அதனை நம்புவாரும் உளர், நம்பாதாரும் உளர். ஆனால், யாவராயினும் பார்த்தே தீரவேண்டிய பொருத்தம் ஒன்றுண்டு. ஒருவரது இரத்தத்தை மற்றொருவர்க்கு ஏற்றுமுன் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பார்க்கப்படும் பொருத்தமே அஃது.

ஏ, பி, ஏபி, ஓ என்னும் பிரிவு ஒத்திருந்தால் போதும் என்பதே மக்கள் பலரும் கொண்டுள்ள கருத்து. பள்ளிப் பாடநூல்களும் பெரும்பாலும் அந்த அளவோடு நின்றுவிடுகின்றன. ஆயினும், பிரிவு ஒத்திருந்தும் ஏற்ற இரத்தம் கிடைக்காமல் இடர்ப்படும் நோயாளிகள் உளர். அவர்களை முன்னிட்டே விஞ்ஞானிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உழைத்து வந்துள்ளனர். அவ்வுழைப்பினால் தெளிந்த உண்மை ஒன்று: கண்ணாடிக் குழாய் சொல்லும் விடையும் மனித உடல் சொல்லும் விடையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்விரண்டின் இடைவெளியை அறிஞர் எவ்வாறு படிப்படியாகக் குறைத்தனர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் விளக்கம்

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். இரத்தத்தில் சிவப்பணுக்கள் மிதக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில், பரம்பரையாக வரும் அடையாளப் பொருள்கள் பல உள்ளன. ஓர் அடையாளப் பொருள் இல்லாதவரது உடலுள் அஃதுடைய சிவப்பணு புகுந்தால், அதனை அயலான் எனக் கொண்டு எதிர்க்கும் பொருள் ஒன்று உண்டாகலாம். இதனை ஆங்கிலத்தில் ஆண்டிபாடி என்பர். தமிழகத்துப் பாடநூல்கள் எதிர்ப்பொருள் என்றும், இலங்கைத் தமிழ் நூல்கள் பிறபொருளெதிரி என்றும் இதனை வழங்குகின்றன. இரண்டும் நல்ல ஆக்கங்களே. ஈண்டு எதிர்ப்பொருள் என்னும் சொல்லையே ஆள்வோம். இரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிந்த நீர் சீரம் எனப்படும். எதிர்ப்பொருள் அந்நீரில் இருக்கும்.

கரிய சிறுநீர்

1667ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஷான் பாப்டிஸ்ட் டெனி என்னும் மருத்துவர், ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை ஒரு சிறுவனுக்கு ஏற்றினார். சிறுவன் பிழைத்துக் கொண்டான். அதே ஆண்டின் இறுதியில் மனநோயுற்ற அந்துவான் மோருவா என்பவர்க்குக் கன்றின் இரத்தத்தை ஏற்றினார். இரண்டாம் முறை ஏற்றியபோது நோயாளியின் கை கொதித்தது, நாடி விரைந்தது, வியர்வை பெருகிற்று, இடுப்பில் கடும் வலி தோன்றிற்று, வாந்தியும் உண்டாயிற்று. மறுநாள் அவரது சிறுநீர், புகைக்கரியைக் கலந்தாற்போலக் கருத்திருந்ததாக டெனி எழுதி வைத்தார்.

புகுந்த சிவப்பணுக்கள் உடலினுள்ளே சிதைந்து, அவற்றின் செந்நிறப் பொருள் சிறுநீரகத்தின் வழியே வெளிப்பட்டதன் அடையாளமே அக்கருமை என இன்று நாம் அறிவோம். டெனிக்கு அது விளங்கவில்லை. நோய் வெளியேறுவதாகவே அவர் கருதினார். 1668இல் மோருவா இறந்தார். வழக்கு எழுந்தது. மனைவியே நஞ்சிட்டதாகக் கருதி டெனியை மன்றம் விடுவித்தது. எனினும், இரத்தமேற்றல் கட்டுப்படுத்தப்பட்டு வழக்கொழிந்தது.

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகட்குப் பின்னர், இலண்டனில் மகப்பேற்று மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல், மனிதர்க்கு மனிதர் இரத்தமே ஏற்றற்குரியது என்று வற்புறுத்தி, 1818 முதல் அவ்வாறே ஏற்றினார். சிலர் பிழைத்தனர்; சிலர் இறந்தனர். மனித இரத்தமாயினும் ஏன் சிலர்க்கு அமுதாகவும் சிலர்க்கு நஞ்சாகவும் முடிகின்றது என்பது எவர்க்கும் விளங்கவில்லை.

வியன்னாவில் கிடைத்த விடை

அதற்கு விடை கண்டவர் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர். அவர் தம்முடைய இரத்தத்தையும் உடன் பணியாற்றினோர் இரத்தத்தையும் உள்ளிட்டு 22 பேரின் இரத்தத்தைச் சீரமாகவும் சிவப்பணுவாகவும் பிரித்து, ஒவ்வொருவர் சீரத்தோடும் மற்றவர் அணுக்களைக் கலந்து பார்த்தார். சில கலவைகள் பால்போல் ஒரு சீராக இருந்தன. சில திரிந்த பால்போல் கட்டிகட்டியாயின. இவ்வேறுபாடு நோயினால் வந்ததன்று, இயற்கையாக அமைந்தது என அவர் 1901இல் நிறுவினார். அவர் கண்டவை மூன்று பிரிவுகள். நான்காவதாகிய ஏபி பிரிவை 1902இல் டெகாஸ்டெல்லோ, ஸ்டூர்லி என்னும் இருவர் கண்டனர். 1930இல் லாண்ட்ஸ்டைனர்க்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14ஆம் நாளே இன்று உலக இரத்தக் கொடையாளர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

நியூயார்க்கில் முன்சோதனை

கண்ட உண்மை மருத்துவமனையை எட்டச் சில ஆண்டுகள் ஆயின. 1907இல் நியூயார்க்கு நகரத்து மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் ரூபன் ஆட்டன்பர்க், ஏற்றுமுன் இருவர் இரத்தத்தையும் சோதித்துப் பார்க்கும் முறையைத் தொடங்கினார். நோயாளியின் சீரத்துடன் கொடையாளியின் சிவப்பணுவைக் கலந்து, கட்டிபடுகின்றதா எனப் பார்ப்பதே அம்முறையின் உயிர்நிலை. கொடையாளியின் சீரம் நோயாளியின் உடலிற் புகுந்ததும் நீர்த்துப் போவதால், அதனால் வரும் தீங்கு சிறிது என்பதையும் அவர் உணர்ந்து கூறினார். 128 இரத்தமேற்றல்களில் பெற்ற பட்டறிவை அடிப்படையாகக் கொண்டு, முன்சோதனையால் விபத்துகளைத் தடுக்க இயலும் என்று 1913இல் அவரும் காலிஸ்கியும் எழுதினர்.

ஆழம் பார்த்துக் காலை விடு என்பது நம் முன்னோர் வழக்கு. ஆட்டன்பர்க் செய்தது அதுவே. ஆயினும் அவரது அளவுகோல் எட்டாத ஆழம் ஒன்றிருந்தது.

ஒரே பிரிவு, ஆயினும் பகை

1937இல் நியூயார்க்கில் 25 வயதுப் பெண்ணொருவர்க்குக் குழந்தை இறந்தே பிறந்தது. இரத்தப்போக்கு மிகுந்ததால் கணவரின் இரத்தத்தை ஏற்றினர். இருவரும் ஓ பிரிவினரே. எனினும், அப்பெண்ணுக்குக் கடும் எதிர்விளைவு உண்டாயிற்று. லாண்ட்ஸ்டைனரிடம் பயின்ற பிலிப் லெவைன் அவருடைய சீரத்தை ஆராய்ந்தார். அது கணவரின் சிவப்பணுக்களைக் கட்டிபடச் செய்தது. அதுமட்டுமன்று, ஓ பிரிவைச் சேர்ந்த 104 பேரில் 80 பேரின் அணுக்களையும் அது கட்டிபடச் செய்தது! தந்தைவழி வந்த அடையாளப் பொருளொன்று கருவிலிருந்து தாயின் உடலிற் கலந்து எதிர்ப்பொருளைத் தோற்றுவித்திருக்கலாம் என லெவைனும் ஸ்டெட்சனும் 1939இல் எழுதினர். ஆனால், அப்பொருளுக்கு அவர்கள் பெயரிடவில்லை.

1940இல் லாண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனரும் ரீசஸ் குரங்கின் சிவப்பணுவை முயலுக்குச் செலுத்திப் பெற்ற சீரத்தால், நியூயார்க்கு வெள்ளையரில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேரின் அணுக்கள் கட்டிபடுவதைக் கண்டனர். இவ்வாறு ஆர்.எச். என்னும் பெயர் வந்தது. குரங்கின் வழியாக அறிந்த பொருளும், தாய்மார் உடலில் எதிர்ப்பொருளைத் தூண்டும் பொருளும் சற்றே வேறானவை எனப் பின்னாளில் தெளிந்தது. எனினும் பெயர் நிலைத்துவிட்டது. பெயரிடாதவர் கண்டதை, பெயரிட்டவர் பெயராலேயே உலகம் அறிந்தது.

காணாததைக் காட்டிய சோதனை

இதன்பின் புதியதொரு சிக்கல் எழுந்தது. இறந்த குழவியின் தாய்மார் பலரிடத்தும் ஆர்.எச். எதிர்ப்பொருள் இருக்க வேண்டும்; ஆனால் உப்புநீரில் கலந்து பார்த்தால் கட்டிபடுவதில்லை. 1944இல் இங்கிலாந்தில் ரேசும் அமெரிக்காவில் வீனரும், எதிர்ப்பொருள் சிவப்பணுவைப் பற்றிக் கொண்டும் கட்டிபடாமல் இருத்தல் கூடும் எனத் தனித்தனியே கண்டனர்.

காரணம் எளிது. சிவப்பணுக்கள் ஒரே வகை மின்னேற்றம் உடையவை. ஆதலின் ஒன்றையொன்று விலக்கி நிற்கும். ஏ, பி பிரிவுகட்கு எதிரான எதிர்ப்பொருள்களுட் பெரும்பகுதி பெரியவை. பத்துக் கைகள் உடையவை. அவை எட்டிப் பிடித்து அணுக்களை ஒன்றுசேர்க்கும். ஆர்.எச். எதிர்ப்பொருளோ சிறியது, கைகள் இரண்டே. விலகி மிதக்கும் இரு சம்பான்களைக் குறுங்கயிற்றால் கட்ட முயன்றால், கயிறு ஒரு படகில் தொங்குமேயன்றி மற்றதை எட்டாது. அது போன்றதே இந்நிலை.

கயிறு எட்டாவிட்டால் கயிற்றையும் கயிற்றையும் பிணைத்தால் என்ன? இவ்வாறு சிந்தித்தவர் ராபின் கூம்ஸ் என்னும் இளைஞர். அவர் கால்நடை மருத்துவம் பயின்றவர். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து வந்தார். போர்க்காலத்து இரவில், மங்கலான விளக்கெரிந்த இரயில் வண்டியில் இலண்டனிலிருந்து திரும்பும்போது இவ்வெண்ணம் தமக்குத் தோன்றியதாக அவர் கூறியுள்ளார். எதிர்ப்பொருளும் ஒரு புரதமே. மனிதரின் அப்புரதத்தை முயலுக்குச் செலுத்தினால், அதனையே பற்றும் எதிர்ப்பொருளை முயல் உண்டாக்கும். அந்த முயற்சீரத்தைச் சேர்த்தால், சிவப்பணுக்களின்மேல் ஒட்டியுள்ள எதிர்ப்பொருள்களை அது ஒன்றோடொன்று பிணைக்கும். காணாதிருந்த பகை கட்டியாய்க் கண்முன் தோன்றும். 1945இல் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் ஆகிய மூவரும் இதனை வெளியிட்டனர். கார்லோ மொரெஸ்கி என்னும் இத்தாலியர் இதையொத்த முறையை 1908இலேயே எழுதியிருந்தார். அதனை உலகம் மறந்திருந்தது.

இச்சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. முயற்சீரத்தைச் சேர்க்குமுன், சிவப்பணுக்களை உப்புநீரில் பன்முறை அலச வேண்டும். நோயாளியின் சீரம் சிறிது எஞ்சியிருப்பினும், அதிலுள்ள புரதம் முயற்சீரத்தை வீணாக்கிவிடும்; பகை இருந்தும் இல்லையெனத் தோன்றும். ஆதலின் பகையில்லை என்னும் விடை கிடைத்த குழாய்தோறும், எதிர்ப்பொருள் பூசிய அணுக்களைச் சேர்த்து மீண்டும் பார்ப்பர். அவை கட்டிபட்டால்தான் முயற்சீரம் வேலை செய்தது என்பது உறுதி. இல்லை என்னும் விடைக்கும் சான்று கேட்பது இச்சோதனையின் சிறப்பாகும்.

ஒளிந்து கொள்ளும் எதிர்ப்பொருள்

கூம்ஸ் சோதனை வந்தபின், புதிய அடையாளப் பொருள்கள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன. 1946இல் கெல், 1950இல் டஃபி, 1951இல் கிட் என்பன அவற்றுட் சில. இன்று அறிந்தவை முந்நூறுக்கும் மேற்பட்டவை. இவற்றுள் கிட் வகை எதிர்ப்பொருள் வஞ்சகமானது. தோன்றிச் சில மாதங்களில் அதன் அளவு குறைந்து, சோதனைக்கு எட்டாமல் ஒளிந்துவிடும். பொருத்தம் சரியே எனக் குழாய் சொல்லும். ஆனால், அவ்வடையாளமுடைய இரத்தம் மீண்டும் புகுந்தால் உடல் பழம்பகையை நினைவுகூர்ந்து, சில நாள்களுக்குள் எதிர்ப்பொருளைப் பெருக்கும். ஒரு வாரம் போல் கழிந்தபின் காய்ச்சலும் மஞ்சட்காமாலையும் தோன்றும். ஏற்றிய இரத்தம் அழிந்துபோம்.

இங்கே குழாயைவிடப் பழைய பதிவேடே பெருந்துணை. எதிர்ப்பொருள் ஒருமுறை கண்டறியப்பட்டால், பின்னர் அது தோன்றாவிடினும் அவ்வடையாளமுடைய இரத்தத்தை ஏற்றலாகாது என்பது விதி. நோயாளி ஊர் மாறி வேறு மருத்துவமனைக்குச் செல்லும்போது பதிவேடு உடன் செல்லாவிட்டால் இடர் நேரும் என்பது வெளிப்படை.

பம்பாயில் கண்ட புதுமை

1952இல் பெண்டே முதலிய பம்பாய் மருத்துவர்கள், ரேஸ், சாங்கர் முதலிய இங்கிலாந்து அறிஞருடன் சேர்ந்து, லான்செட் இதழில் புதுமையானதொரு செய்தியை வெளியிட்டனர். பம்பாயில் சிலருடைய இரத்தம் பிரிவுச் சோதனையில் ஓ போலத் தோன்றிற்று. ஆனால் அவர்களது சீரம் ஓ பிரிவு அணுக்களையும் கட்டிபடச் செய்தது! ஏ, பி ஆகியவற்றிற்கு அடிமனை போன்று அமைந்த எச் என்னும் பொருளே இவர்களிடம் இல்லை என்பது பின்னர் விளங்கிற்று. ஓ பிரிவினரிடம் அந்த அடிமனை நிறைய உண்டு. ஆகவே, யார்க்கும் கொடுக்கலாம் எனப் போற்றப்படும் ஓ பிரிவு இரத்தமே இவர்களுக்கு உயிருக்கு உலையாகும். பம்பாய்ப் பிரிவினர் இரத்தமே பம்பாய்ப் பிரிவினர்க்கு உதவும்.

இந்திய மரபில் வந்தோரிடை இப்பிரிவு பிறரினும் மிகுதி. ஆதலின் இந்நாட்டு இந்தியராகிய நாமும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். பிரிவை மட்டும் பார்த்து இரத்தம் ஏற்றினால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எல்லாரும் பகையானால்?

இனி மிகக் கடினமான நிலைக்கு வருவோம். மக்களுட் பெரும்பாலார்க்கும் உள்ள அடையாளப் பொருளொன்று ஒரு நோயாளிக்கு மட்டும் இல்லை. அதற்கெதிரான எதிர்ப்பொருள் அவரிடம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் உள்ள ஒவ்வொரு பையும் பொருந்தவில்லை என்றே விடை வருகின்றது. நோயாளியோ இரத்தம் குன்றிக் கிடக்கின்றார். கொடுத்தால் கேடு வருமோ என்னும் அச்சம். கொடாவிட்டால் உயிர் நீங்குமோ என்னும் அச்சம். மருத்துவர் என் செய்வார்?

குழாயில் காணும் பகையெல்லாம் உடலிலும் பகையன்று. 1967இல் விவரிக்கப்பட்ட சிடோ என்னும் எதிர்ப்பொருள் குழாயில் எல்லார் அணுக்களோடும் போலவே வினைப்படும். ஆனால் ஏற்றிய சிவப்பணுக்களை அழிப்பதில்லை. 1956இல் அறியப்பட்ட ஒய்டி-ஏ என்பதற்கான எதிர்ப்பொருளோ சிலரிடம் வாளாவிருக்கும். சிலரிடம் அழிவு செய்யும். பெயரை மட்டும் அறிந்து பயனில்லை. இந்த நோயாளியின் எதிர்ப்பொருள் என்ன செய்யும் என்பதே வினா.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். முதலில் அறிஞர் கையாண்ட முறை அதுவே. 1950இல் கிரேயும் ஸ்டெர்லிங்கும் சிவப்பணுவில் குரோமியம்-51 என்னும் கதிரியக்கப் பொருளைக் குறியாக ஏற்றும் வழியைக் காட்டினர். இலண்டன் அறிஞர் மாலிசன் முதலியோர் இத்தகைய முறைகளைப் பொருத்தம் காண்பதற்குப் பயன்படுத்தினர். கொடையாளியின் அணுக்களிற் சிறிதளவை மட்டும் குறியிட்டு நோயாளிக்குச் செலுத்தி, ஒரு மணி நேரத்திற்குள் எத்துணைப் பங்கு எஞ்சியுள்ளது என அளப்பர். பெரும்பங்கு எஞ்சியிருந்தால் அவ்விரத்தத்தை, வேறு வழியில்லாதபோது, கண்காணிப்புடன் ஏற்றத் துணியலாம். முறை நன்று, ஆயினும் சோதனைக்களம் நோயாளியின் உடலாகவே இருந்தது. கதிரியக்கப் பொருளைக் கையாளும் வசதியும் எங்கும் கிடைப்பதன்று.

வெள்ளணுவிடமே கேட்டல்

நோயாளியின் உடலைத் தொடாமலே உடலின் விடையை அறிதல் கூடுமா? இதற்கு வழி, சிவப்பணு எவ்வாறு அழிகின்றது என்னும் அறிவிலிருந்தே பிறந்தது. ஏ, பி போன்ற வலிய எதிர்ப்பொருள்கள் இரத்தக் குழாயினுள்ளேயே அணுவை உடைத்துவிடும். மற்றவை பல அவ்வாறு செய்வதில்லை. அவை அணுவின்மேல் அமர்ந்து குறி மட்டும் இடுகின்றன. தோட்டத்தில் வெட்ட வேண்டிய மரங்களுக்கு ஒருவன் சாயக்குறி இடுகின்றான். கோடரியுடன் வருபவன் வேறொருவன். குறிபெற்ற சிவப்பணுவை விழுங்குவன மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள். அவற்றின் உறவினவாகிய மோனோசைட் என்னும் வெள்ளணுக்கள், எதிர்ப்பொருள் பூசிய சிவப்பணுவைப் பற்றி உருக்குலைப்பதை லோபுக்லியோ, கோட்ரன், ஜாண்டல் ஆகியோர் 1967இல் காட்டினர். எல்லாக் குறிக்கும் கோடரி வருவதில்லை. எதிர்ப்பொருளின் உள்வகையும் அளவும் எத்தகையன என்பதைப் பொறுத்தே விழுங்கணு செயற்படும்.

ஆகவே விழுங்குவானிடமே கேட்டுவிடலாம் அன்றோ! இக்கருத்தினால் 1980ஆம் ஆண்டுகளில் உருப்பெற்றதே மோனோசைட் படலச் சோதனை. புதிதாக எடுத்த இரத்தத்திலிருந்து மோனோசைட்டுகளைப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரே அடுக்காகப் படியச் செய்வர். கொடையாளியின் சிவப்பணுக்களை நோயாளியின் சீரத்தில் ஊறவைத்து, அத்தகட்டின்மேல் இட்டு, உடற்சூட்டில் வைத்திருப்பர். பின்னர் அலசிச் சாயமேற்றி நுண்பெருக்கியின் கீழ்ப் பல நூறு மோனோசைட்டுகளை எண்ணுவர். அவற்றுள் எத்தனை, சிவப்பணுவைப் பற்றியோ விழுங்கியோ உள்ளன என்பதே விடை.

நான்ஸ், ஆர்ண்ட், காரட்டி ஆகியோர் 1987இல் இச்சோதனையைக் குரோமிய முறையோடு ஒத்திட்டுக் காட்டினர். பல்லாண்டு காலம் திரட்டிய நோயாளர் விவரங்களை ஆர்ண்டும் காரட்டியும் 2004இல் தொகுத்து ஆராய்ந்தனர். நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாத மோனோசைட்டுகளே வினைப்பட்டிருப்பின், அவ்விரத்தத்தை ஏற்றுவதால் வெளிப்படையான தீங்கு நேர்வதில்லை என அவர்கள் கண்டனர். விடை உயர உயர இடரும் உயர்கின்றது. எனினும், உயர்ந்த விடை பெற்றவர் அனைவரும் இடருறுவதில்லை.

இச்சோதனைக்கும் எல்லையுண்டு. புதிய வெள்ளணு வேண்டும். தேர்ந்த கை வேண்டும். சில பேராய்வுக்கூடங்களே இதனைச் செய்யவல்லன. இன்று தீங்கற்ற எதிர்ப்பொருள், பொருந்தா இரத்தம் ஏற்றியபின் தீங்குடையதாக மாறலும் உண்டு. ஆதலின் ஒவ்வொரு முறையும் மீண்டும் கேட்க வேண்டும். ஆயினும், கொடுப்பதா விடுப்பதா எனத் திகைத்து நின்ற மருத்துவர்க்கு இஃது ஒரு கைவிளக்கு.

நம் பகுதிக்கு உரியது

அடையாளப் பொருள்கள் எல்லா மக்களினத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மி-ஏ என வழங்கும் அடையாளம் ஐரோப்பியரிடம் மிக அரிது. சீனர், தாய்லாந்து மக்கள் முதலிய கீழ்த்திசையாரிடம் கணிசமாக உண்டு. இதற்கெதிரான எதிர்ப்பொருள் இப்பகுதி மருத்துவமனைகளில் அடிக்கடி காணப்படுவது. மேனாட்டார்க்கென ஆயத்தம் செய்த சோதனை அணுக்களில் மி-ஏ இல்லையாயின், அவ்வெதிர்ப்பொருள் புலப்படாமற் போகும். எனவே நம் பகுதிச் சோதனைக்கு நம் பகுதி மக்களின் அணுக்களே அளவுகோலாதல் வேண்டும்.

தலசீமியா என்னும் பிறவி நோயுடைய குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கின்றது. ஏற்றுந்தோறும் புதிய அடையாளங்கள் உடலிற் புகுவதால் எதிர்ப்பொருள்கள் பெருகலாம். முதன்முறை ஏற்றுமுன்பே குழந்தையின் அடையாளங்களைக் குறித்து வைத்து, ஆர்.எச்., கெல் வகைகளும் ஒத்த இரத்தத்தையே கொடுத்துவரின் இவ்விடர் குறையும். அவ்வாறு ஒத்த இரத்தம் கிடைப்பதற்கு எல்லா இனத்தாரும் கொடையாளர் பட்டியலில் இடம்பெற வேண்டும். ஓர் இனத்தார் ஒதுங்கி நின்றால், அவ்வினத்து நோயாளர்க்கே ஏற்ற இரத்தம் அரிதாகும்.

முடிவுரை

டெனி கண்ட கரிய சிறுநீர் முதல் மோனோசைட் படலம் வரை முந்நூறு ஆண்டுகட்கு மேற்பட்ட இவ்வரலாற்றில், ஒவ்வொரு சோதனையும் முன்னதன் பிழையைத் திருத்தியே வந்தது. லாண்ட்ஸ்டைனர் கண்டதை ஆட்டன்பர்க் பயன்படுத்தினார்; அவர்க்கு எட்டாததைக் கூம்ஸ் காட்டினார்; கூம்ஸ் சோதனை காட்டியவற்றுள் எது தீங்குடையது என்பதைப் பின்வந்தோர் பகுத்தறிந்தனர். உண்டா இல்லையா என்று கேட்பது ஓர் அறிவு. உண்டாயின் அதனால் என் செய்யும் என்று கேட்பது அதனினும் மேலான அறிவு.

ஆசிரியர்களாகிய நாம் இரத்தப் பிரிவுப் பாடம் நடத்தும்போது, நான்கு பிரிவுகளோடு நிறுத்தாமல் இவ்வரலாற்றையும் சிறிது எடுத்துரைத்தல் நன்று. எதிர்ப்பொருள் உண்டெனக் கூறப்பட்டவர் அதனைக் குறித்த சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்கவும், எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் முதலிலேயே அதனைக் காட்டவும் வேண்டும் என்று பெற்றோர்க்கும் எடுத்துச் சொல்வோம். ஒரு சிறு சீட்டு, குழாய் காட்டத் தவறியதைக் காட்டி ஓர் உயிரைக் காத்தல் கூடும்.